பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தரவுகளை மீட்பது: முழுமையான வழிகாட்டி

ஹார்ட் டிஸ்க் பழுதானவுடன் அதிலிருந்த கோப்புகளும் போய்விட்டன என்றே பெரும்பாலோர் எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலான பழுதுகளில் கோப்புகள் காந்தத் தகடுகளின் மேல் அப்படியே இருக்கும். அவற்றைப் படிக்கும் ஹெட், தகட்டைச் சுழற்றும் மோட்டார், இவற்றை இயக்கும் சர்க்யூட் போர்டு ஆகியவற்றில் ஏதோ ஒன்றுதான் கெட்டிருக்கும். அதற்குப் பிறகு பதற்றத்தில் செய்யப்படும் காரியங்களால்தான் மீட்கக்கூடிய தரவு மீட்க முடியாததாகிறது.

பழுதாகத் தொடங்கிய டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. எனவே மிச்சமிருக்கும் ஓட்டத்தை, டிஸ்க் முழுவதையும் செக்டர் செக்டராக (செக்டர் என்பது டிஸ்க் தரவை எழுதும் மிகச் சிறிய துண்டு) வேறோர் இடத்தில் படியெடுப்பது என்ற ஒரே வேலைக்கு மட்டும் செலவிட வேண்டும். கோப்புகளைத் தேடுவது, டிஸ்க்கின் பிரிவான பார்ட்டிஷனைச் சரிசெய்வது, மீட்பு மென்பொருள்களை ஓட்டிப் பார்ப்பது ஆகிய அனைத்தையும் அந்த நகலின் மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த ஒரு விதியை ஒட்டியே அமைந்துள்ளது.

படி 1: மின்சாரத்தை நிறுத்துங்கள்

டிஸ்க்கிலிருந்து வழக்கமில்லாத சத்தம் வந்தாலோ, ஒரு போல்டரைத் திறக்கவே பல நிமிடங்கள் ஆனாலோ, கணினி அடிக்கடி உறைந்து நின்றாலோ உடனே அதை அணைத்துவிடுங்கள். தகடுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. ஹெட் அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், மெல்லிய காற்றுப் படலத்தின் மீது மிதக்கிறது. ஹெட் சிதைந்து தகட்டைத் தொட்டுவிட்டால், அந்த வேகத்தில் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுத் தூளாகப் பறக்கும். அந்தத் தூள் மற்ற தகடுகளையும் கெடுக்கும். பூச்சு போன இடத்தில் இருந்த தரவை உலகின் எந்த ஆய்வகமும் திரும்பத் தர இயலாது.

விண்டோஸ் தானாகவே முன்வந்து தரும் இரண்டு உதவிகளை மறுத்துவிட வேண்டும். முதலாவது, டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கேட்கும் சிறு பெட்டி. அதில் ரத்து என்பதைத் தவிர வேறெதையும் அழுத்தக் கூடாது. இரண்டாவது, கணினி தொடங்கும்போது டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று தானாக ஓடத் தொடங்கும் செக்டிஸ்க். இந்தக் கருவியின் நோக்கம், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாத நிலைக்குக் கொண்டுவருவதே தவிர, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவதன்று. படிக்க முடியாத பதிவுகளை அது நீக்கும். சொந்தப் போல்டரை இழந்த துண்டுகளைப் பெயரற்ற கோப்புகளாக ஒரு மூலையில் போடும். இவற்றையெல்லாம் பழுதான டிஸ்க்கின் மேலேயே எழுதும். நலமான டிஸ்க்கில் பயனுள்ள இந்தக் கருவி, நலிந்த டிஸ்க்கில் நாசம் செய்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

டிஸ்க்கைக் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைக்கும் யோசனை இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் ஈரம் தகடுகளின் மேல் படியும். அதன் மேல் ஹெட் ஓடினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேசையில் தட்டுவது, குலுக்குவது, மூடியைத் திறந்து பார்ப்பது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. வீட்டறையின் காற்றிலுள்ள ஒரு தூசித் துகள், ஹெட் மிதக்கும் உயரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது.

தண்ணீரில் நனைந்த டிஸ்க்கிற்குத் தனி எச்சரிக்கை உண்டு. பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியாக நீர் உள்ளே போயிருக்கக்கூடும். வெயிலிலோ சூடான காற்றிலோ உலர்த்தினால் நீரிலுள்ள உப்பும் அழுக்கும் தகடுகளின் மேல் கறையாக ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் கொடுக்காமல், உலர்த்தவும் முயலாமல், உறையில் இட்டு மூடி ஆய்வகத்திற்கு அனுப்புவதே முறை. கீழே விழுந்த டிஸ்க்கையும் ‘ஒரே ஒரு முறை போட்டுப் பார்ப்போம்’ என்று இயக்கக் கூடாது.

படி 2: பழுதின் வகையைக் கண்டறியுங்கள்

டிஸ்க் பழுதுகளை நான்காகப் பிரிக்கலாம்: மின்சாரப் பழுது, இயந்திரப் பழுது, ஃபர்ம்வேர் (டிஸ்க்கை இயக்கும் அதன் உள் மென்பொருள்) பழுது, ஃபைல் சிஸ்டம் பழுது. இவற்றோடு செக்டர்கள் மெல்ல மெல்லக் கெட்டுவரும் நிலை ஒன்றும் உண்டு. வீட்டில் இருந்தபடி மீட்கக்கூடியவற்றில் அதிகம் காணப்படுவது அதுதான். எந்த வகை என்று தெரியாமல் மென்பொருளைத் தேடுவதில் பயனில்லை.

முதல் கருவி உங்கள் காதுதான். நனையாத, கீழே விழாத டிஸ்க் என்றால், அதை மேசையின் மேல் அசையாமல் வைத்து, மின்சாரம் கொடுத்த பின் பத்து வினாடிகள் கவனியுங்கள். நலமான டிஸ்க்கில் மோட்டார் மெதுவாக வேகமெடுக்கும் ஓசை கேட்கும். பின் ஹெட் நகரும் ஒரு சிறு சொடுக்கு. அதன் பின் சீரான மெல்லிய இரைச்சல். சுழற்சி தொடங்கிய பின் ‘டிக், டிக், டிக்’ என்று ஒரே இடைவெளியில் அடித்து, சிறிது நேரத்தில் சுழற்சியே நின்றுவிட்டால், தகட்டில் எழுதப்பட்டுள்ள வழிகாட்டுக் குறிகளை ஹெட்டால் படிக்க முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஹெட் பழுது. சுழற்சி தொடங்காமல் மெல்லிய ‘பீப்’ போன்ற ஒலி வந்தால், ஹெட் தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. உரசும் ஓசை கேட்டால் பத்து வினாடிகள்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்த மூன்று சத்தங்களுக்கும் மென்பொருளில் தீர்வு இல்லை. நேராக இக்கட்டுரையின் ஆய்வகம் பற்றிய பகுதிக்குச் செல்லலாம்.

டிஸ்க் அமைதியாக இருந்து, தொட்டால் அதிர்வும் தெரியாவிட்டால், சர்க்யூட் போர்டிலோ மின்வழியிலோ பழுது இருக்கலாம். சீராகச் சுழன்று, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயோஸில் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்து, விண்டோஸில் மட்டும் திறக்காமல் இருந்தால், செக்டர் பழுது அல்லது ஃபைல் சிஸ்டம் பழுது. பெயர் தவறாகவோ கொள்ளளவு பூஜ்யமாகவோ தெரிந்தால் ஃபர்ம்வேரைச் சந்தேகிக்க வேண்டும். ஃபர்ம்வேரின் பெரும்பகுதி தகடுகளிலேயே ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியில் எழுதப்பட்டிருப்பதால், அந்தப் பகுதி கெட்டால் மற்றெல்லாம் நலமாக இருந்தும் டிஸ்க் தன்னையே அடையாளம் காணாது. சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வரிசையில் 2008, 2009 ஆண்டுகளில் பலர் சந்தித்தது இந்த வகைப் பழுதைத்தான்: தகடுகளில் தரவு பழுதின்றி இருந்தும், ஃபர்ம்வேர் பிழையால் டிஸ்க் கணினிக்கு எந்தப் பதிலும் தராமல் நின்றது. அதற்கான திருத்தத்தை அந்நிறுவனமே பின்னர் வெளியிட்டது.

படி 3: எளிய காரணங்களை நீக்குங்கள்

டிஸ்க்கில் தவறான சத்தம் எதுவும் இல்லையென்றால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். வேறு யுஎஸ்பி கேபிள், வேறு போர்ட், வேறு கணினி ஆகியவற்றில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். 2.5 அங்குல வெளிப்புற டிஸ்க்குகள் யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறுவதால், நைந்துபோன கேபிளும் முன்பக்க போர்ட்டும் அவற்றைச் சுழலவிடாமல் செய்யக்கூடும்.

வெளிப்புற டிஸ்க்கின் பெட்டிக்குள், சாட்டா (கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் வழக்கமான முறை) டிஸ்க்கையும் யுஎஸ்பியையும் இணைக்கும் ஒரு சிறு போர்டு இருக்கும். பல நேரங்களில் அதுதான் கெட்டிருக்கும். டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேசைக் கணினியின் சாட்டா இணைப்பில் நேரடியாகப் பொருத்தினால் சிக்கல் தீர்ந்துவிடலாம். இதில் மூன்று விதிவிலக்குகளை அறிந்திருக்க வேண்டும். சில மாடல்களில் யுஎஸ்பி இணைப்பு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பிரித்தெடுக்கத் தனிப் போர்டு எதுவும் இராது. வேறு சில பெட்டிகளில், நீங்கள் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும், இணைப்புப் போர்டின் சிப் தரவை என்க்ரிப்ட் செய்தே, அதாவது மறைகுறியாக மாற்றியே, எழுதும். நேரடியாக இணைத்தால் அர்த்தமற்ற பைட்டுகள் மட்டுமே தெரியும். இன்னும் சில, 512 பைட் செக்டர்களை 4096 பைட்டாகக் காட்டுவதால், நேரடியாக இணைக்கும்போது பார்ட்டிஷன் காணாமல் போனதுபோல் தோன்றும். ஆகவே பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மின்சாரப் பழுதுக்கு மிகப் பொதுவான காரணம், 12 வோல்ட் டிஸ்க்கில் மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடுவது. இரண்டின் முனைகளும் பல நேரங்களில் ஒரே அளவில் இருப்பதே இதற்குக் காரணம். அப்போது போர்டிலுள்ள பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகி, தன்னை இழந்து மற்றவற்றைக் காக்கும். மின்னணு வேலை தெரிந்த ஒருவர், ஷார்ட் ஆனது அந்த டயோடு மட்டும்தானா என்று மல்டிமீட்டரால் உறுதிசெய்த பின் அதைக் கழற்றிவிட்டு, சரியான அடாப்டருடன் இயக்கினால், டிஸ்க் மீண்டும் ஓட நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதே மாடலின் இன்னொரு போர்டை வாங்கிப் பொருத்தும் பழைய உத்தி தற்கால டிஸ்க்குகளில் பெரும்பாலும் பலிப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுகளுக்கும் உரிய அளவீடுகள் ஆலையிலேயே கணிக்கப்பட்டு, மின்சாரம் போனாலும் அழியாத, போர்டிலுள்ள ஒரு சிறிய நினைவகச் சிப்பில் பதியப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையோ அதன் உள்ளடக்கத்தையோ புதிய போர்டுக்கு மாற்றியாக வேண்டும்.

படி 4: ஸ்மார்ட் விவரங்களைப் படியுங்கள்

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டிற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் ஆகியவை அதைக் காட்டும். பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தாலும் பார்க்க வேண்டியவை சில மட்டுமே. 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடத்திற்கு ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் முடிவு நிலுவையில் உள்ள செக்டர்கள். 198, திருத்தவே முடியாதவை. க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டுவதால் 197 அங்கே சி5 என்றும், 198 சி6 என்றும் இருக்கும்.

இவற்றுள் 197 தான் மீட்புக்கு முக்கியமானது. படிக்க முடியாத செக்டரை டிஸ்க் உடனே கைவிடுவதில்லை. அதன்மேல் புதிதாக ஏதேனும் எழுதப்படும் வரை நிலுவையிலேயே வைத்திருக்கும். மீண்டும் முயன்றால் அது படிக்கக் கிடைக்கவும் கூடும் என்பதால், அதன்மேல் எதையும் எழுதாமல் இருப்பது அவசியமாகிறது. கேபிள் வழித் தரவுப் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் 199ஆம் எண் மட்டும் உயர்ந்திருந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால் மகிழ்ச்சியடையலாம்: பெரும்பாலும் கேபிளை மாற்றினால் போதும்.

ஒட்டுமொத்த நிலை ‘நலம்’ என்று காட்டப்படுவதை நம்ப வேண்டாம். நூற்றுக்கணக்கான செக்டர்கள் நிலுவையில் இருக்கும்போதும் அது நலம் என்றே சொல்லக்கூடும். ஸ்மார்ட்டின் நீண்ட சுயசோதனையையும் இப்போது ஓட்டாதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு, உங்கள் கையில் எதையும் தராமல் முடிந்துவிடும்.

படி 5: படியெடுப்பதற்கான ஏற்பாடுகள்

பழுதான டிஸ்க்கைவிடக் கொள்ளளவு கூடிய நல்ல டிஸ்க் ஒன்று வேண்டும். படியை இரண்டு விதமாக எடுக்கலாம்: ஒரு டிஸ்க்கை மற்றொரு டிஸ்க்கின் மேல் நேரடியாகப் பிரதியெடுப்பது ஒன்று, முழு டிஸ்க்கையும் ஒரே பெரிய இமேஜ் கோப்பாக எழுதுவது மற்றொன்று. நான் இமேஜ் கோப்பையே விரும்புகிறேன். விண்டோஸ் அதைத் தானாகத் திறந்து எதையும் எழுதிவிடாது. இடம் இருந்தால் அதற்கே இன்னொரு நகலும் எடுத்துக்கொள்ளலாம். இமேஜ் எழுதப்படும் டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அதில் ஒரு கோப்பின் உச்ச அளவு 4 ஜிபி. பின்னர் கோப்புகளைப் பிரித்தெடுத்து வைக்கவும் இடம் தேவைப்படும் என்பதால், மூல டிஸ்க்கைப் போல இரு மடங்கு இடம் இருந்தால் வசதி.

கணினியை, நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியிலிருந்து தொடங்குங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவசத் தொகுப்பில் ஸ்மார்ட்மான்டூல்ஸும், கீழே வரும் டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய கருவிகளும் உள்ளன. அது டிஸ்க்குகளைத் தானாக மவுண்ட் செய்வதும் (கோப்புகளைப் பார்க்கத் திறப்பதும்) இல்லை. கணினியின் உறக்க அமைப்பை அணைத்துவையுங்கள். பழுதான டிஸ்க்கை முடிந்தவரை சாட்டாவில் நேரடியாக இணையுங்கள்; யுஎஸ்பி போர்டுகள் ஒரு பிழையைச் சந்தித்ததும் உறைந்துபோய், டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் வரை எழுவதில்லை. டிஸ்க்கின் பக்கத்தில் ஒரு சிறு மின்விசிறி இருப்பது நல்லது.

அடுத்து, எது மூலம், எது இலக்கு என்பதை ஐயமின்றி அடையாளம் காண வேண்டும். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயரிடும். ஆனால் கணினியை மறுபடி தொடங்கினாலோ கேபிளைக் கழற்றி மாட்டினாலோ இந்தப் பெயர்கள் இடம் மாறலாம். எனவே மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் திரையில் பட்டியலிட்டு, டிஸ்க்கின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையுடன் ஒப்பிடுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவு டிஸ்க்குகள் இரண்டு இருந்தால், வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தாளில் எழுதிவைத்துக்கொள்வது என் வழக்கம். வெற்று டிஸ்க்கைப் பழுதான டிஸ்க்கின் மேல் படியெடுத்துவிட்டால், அதன் பிறகு மீட்பதற்கு எதுவும் இருக்காது.

படி 6: டிடிரெஸ்க்யூவால் படியெடுத்தல்

சாதாரணப் படியெடுக்கும் கருவிகள் ஒரு கெட்ட செக்டரில் முட்டி நின்று, அங்கேயே நேரத்தையும் டிஸ்க்கின் ஆயுளையும் கரைக்கும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்வதில்லை. அது முதலில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை வேகமாக எடுத்துக்கொள்கிறது. பிழை வந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கிறது. பின் எதிர்த்திசையிலும் வந்து எடுக்கிறது. நல்ல பகுதிகள் அனைத்தும் கைக்கு வந்த பிறகே, தாண்டிய இடங்களின் ஓரங்களைச் செதுக்குகிறது; அதற்கும் பின்னரே மிச்சத்தை ஒவ்வொரு செக்டராகச் சுரண்டி எடுக்க முயல்கிறது. டிஸ்க் இடையில் உயிர்விட்டாலும் பெரும்பகுதி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும் என்பதே இந்த வரிசையின் பயன்.

கட்டளையில் விருப்பக் குறிகளுக்குப் பின் மூன்று பெயர்கள் வரும்: முதலில் மூல டிஸ்க், அடுத்து இமேஜ் கோப்பு, மூன்றாவதாக மேப் கோப்பு. இந்த வரிசையை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே என்டர் விசையை அழுத்துங்கள். மேப் கோப்பை எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது. எந்தப் பகுதி வந்துவிட்டது, எது வரவில்லை என்பதை அந்தச் சிறிய உரைக் கோப்பு நினைவில் வைத்திருப்பதால்தான், மின்சாரம் போனாலும், டிஸ்க் சூடாகி நீங்களே நிறுத்தினாலும், அதே கட்டளையை மறுபடி கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. அதைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறி இருக்கும்: கூட்டல் குறி என்றால் கிடைத்தது, கேள்விக்குறி என்றால் இன்னும் தொடப்படாதது, நட்சத்திரமும் சாய்கோடும் இடைநிலைகள், கழித்தல் குறி என்றால் கெட்ட செக்டர். லைவ் யுஎஸ்பி இயங்கும் தற்காலிக நினைவகத்தில் இதைச் சேமித்தால் கணினி அணைந்ததும் மறைந்துவிடும். இமேஜ் இருக்கும் டிஸ்க்கிலேயே வையுங்கள்.

முதல் ஓட்டத்தில் சுரண்டும் கட்டத்தை நிறுத்திவைக்கும் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் குறி, ஒரு சிறு கோட்டுக்குப் பின் வரும் ‘என்’ என்ற சிற்றெழுத்து. இந்த ஓட்டம் முடிந்த பின், அந்தக் குறியை நீக்கி, மறுமுயற்சி எண்ணிக்கையை மூன்று என்று கொடுத்து இரண்டாம் ஓட்டத்தைத் தொடங்கலாம்.

ஓட்டம் நடக்கும்போது திரையைக் கவனிப்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறன். 1 டிபி டிஸ்க்கில் 512 பைட் கணக்கில் 1,95,35,25,168 செக்டர்கள் உள்ளன. வினாடிக்கு 100 எம்பி வேகம் நிலைத்தால் அவை மூன்று மணி நேரத்திற்குள் வந்துவிடும். நலிந்த டிஸ்க்கில் வேகம் சிறிது நேரம் 100 எம்பியில் ஓடி, திடீரென்று சில கேபிக்கு விழுந்து, மீண்டும் எழும். கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும் வரி வினாடிகளாகக் கூடிக்கொண்டே போகும். ஒரே இடத்தில் மட்டும் இப்படி நேர்ந்தால் கவலையில்லை; பொறுத்திருக்கலாம். டிஸ்க் முழுவதும் இப்படியே இருந்தால் ஒரு முடிவெடுக்க வேண்டும்.

அந்த முடிவுக்கு மேப் கோப்பைப் படமாகக் காட்டும் டிடிரெஸ்க்யூவியூ உதவுகிறது. கெட்ட பகுதிகள் ஓரிரு திட்டுகளாக இருந்தால் தகட்டின் மேற்பரப்பில் ஓர் இடம் கெட்டிருக்கிறது, தொடரலாம். கெட்டதும் நல்லதும் சீரான இடைவெளியில் மாறி மாறிக் கோடுகளாக வந்தால், பல ஹெட்டுகளுள் ஒன்று செயலிழந்திருக்கிறது. ஏனெனில் தரவு எல்லா ஹெட்டுகளுக்கும் பங்கிட்டு எழுதப்படுகிறது. கோடுகள் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கெட்ட ஹெட்டை மேலும் ஓடவிட்டால் தகடு கீறப்படும். அதன் பிறகு ஆய்வகத்தாலும் பயனிராது. ஓட்டத்தின் நடுவில் முன்பு இல்லாத சொடுக்கும் சத்தம் தொடங்கினாலும் இதே முடிவுதான். 98 சதவீதம் வந்துவிட்டது, மிச்சம் இரண்டுதானே என்ற ஆசையில் பலர் இந்த இடத்தில் நிறுத்துவதில்லை. முக்கியமான கோப்புகள் ஏற்கெனவே வந்துவிட்டனவா என்பதை இமேஜில் பார்த்த பிறகு, அந்த இரண்டு சதவீதத்திற்காகப் போராட வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

படி 7: நகலிலிருந்து கோப்புகளை எடுத்தல்

இனிப் பழுதான டிஸ்க்கைக் கழற்றி, உறையில் இட்டு, பெயர் எழுதி வைத்துவிடலாம். வேலை முழுவதும் இமேஜின் மேல்தான்.

முதலில் இமேஜை எழுத முடியாத முறையில் மவுண்ட் செய்து பாருங்கள். கெட்ட செக்டர்கள் குறைவாக இருந்தால், போல்டர்கள் அனைத்தும் பழைய பெயர்களோடு அப்படியே திறந்துவிடும். படியெடுத்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடும். திறக்காவிட்டால் டெஸ்ட்டிஸ்க்கை முயலுங்கள். தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடிக் கண்டுபிடிப்பது இதன் வேலை. பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் ஜிபிடி அட்டவணையின் மாற்று நகல் டிஸ்க்கின் கடைசியிலும், விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸின் பூட் செக்டர் (முதல் செக்டர்) நகல் பார்ட்டிஷனின் கடைசியிலும் இருப்பதால், முன்பகுதி கெட்டிருந்தாலும் வழி உண்டு. அது காட்டும் பார்ட்டிஷனுக்குள் கோப்புகளின் பட்டியலைப் பார்த்து, அங்கிருந்தே வேறு டிஸ்க்குக்குப் படியெடுக்கலாம். பார்ட்டிஷன் அட்டவணையை எழுதித் திருத்தும் விருப்பமும் அதில் உண்டு. கோப்புகளை வெளியே எடுக்க முடிகிறபோது எதையும் திருத்தி எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஃபைல் சிஸ்டமே மோசமாகச் சிதைந்திருந்தால், டிஎம்டிஇ, ஆர்-ஸ்டுடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்ற மென்பொருள்கள் கைகொடுக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் முதன்மை அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. பெயர், அளவு, எந்தெந்த இடங்களில் இருக்கிறது என்ற விவரங்கள் அதில் இருக்கும். இந்த மென்பொருள்கள் டிஸ்க் முழுவதையும் அலசி, சிதறிய பதிவுகளைத் திரட்டி, பழைய போல்டர் அமைப்பை மீண்டும் கட்டுகின்றன. அனைத்திலும் இலவசப் பதிப்போ முன்னோட்டமோ இருப்பதால், உங்கள் கோப்புகள் உண்மையில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

கடைசி வழி ஃபோட்டோரெக். அது பதிவுகளை முற்றிலும் புறக்கணித்து, கோப்பு வகைகளின் தொடக்க அடையாளங்களை மட்டும் தேடுகிறது. ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரியான சில பைட்டுகளில்தான் தொடங்கும். அதைக் கண்டதும் அங்கிருந்து ஒரு படம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். பெயரும் போல்டரும் கிடைக்கா. டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் உடைந்தே வரும். ஆனால் கேமராப் படங்களுக்குள் எடுத்த தேதி பதிந்திருக்கும் என்பதால், ஆயிரக்கணக்கான பெயரற்ற படங்களையும் பின்னர் தேதிவாரியாக அடுக்கிவிட முடியும்.

என்க்ரிப்ட் செய்யப்பட்ட டிஸ்க்குகள்

விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர் போட்ட டிஸ்க்கையும் இதே முறையில்தான் படியெடுக்க வேண்டும். இமேஜும் பூட்டியபடியே வரும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் தேவை. பல மடிக்கணினிகளில் விண்டோஸ் இந்தப் பூட்டைத் தானாகவே போட்டுவிடுவதால், தாம் எதையும் பூட்டவில்லை என்று உறுதியாகச் சொல்பவர்களும் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். எண் இல்லாவிட்டால், தகடுகள் பழுதின்றி இருந்தாலும் தரவு கிடைக்காது. ஆய்வகத்திற்குப் பெருந்தொகை கட்டுவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

சுழலும் தகடுகள் இன்றிச் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பற்றிச் சில சொற்கள். அதில் அழிக்கப்பட்ட கோப்பின் இடத்தை ட்ரிம் என்ற கட்டளை உடனே காலியென அறிவித்துவிடுவதால், ஹார்ட் டிஸ்க்கில் பலிக்கும் அழிப்பு மீட்பு அங்கே பெரும்பாலும் பலிக்காது. பழுதாகும்போதும் முன்னறிவிப்பின்றி ஒரேயடியாக நின்றுவிடும் வழக்கம் அதற்கு உண்டு. ஒருவேளை கணினிக்குத் தெரிந்தால், மேலே சொன்ன படியெடுக்கும் முறை அதற்கும் பொருந்தும்.

ஆய்வகத்தை எப்போது, எப்படி அணுகுவது

சொடுக்கும் சத்தம், சுழலாத மோட்டார், நனைந்த அல்லது கீழே விழுந்த டிஸ்க், தவறாகத் தெரியும் கொள்ளளவு, ஹீலியம் நிரப்பி மூடப்பட்ட பெரிய டிஸ்க்குகளில் உள்பாகப் பழுது ஆகியவை வீட்டு வேலைக்கு அப்பாற்பட்டவை. ஆய்வகத்தில் தூசி வடிகட்டிய காற்றில் டிஸ்க்கைத் திறந்து, அதே மாடலைச் சேர்ந்த வேறொரு டிஸ்க்கிலிருந்து ஹெட்டுகளை எடுத்துப் பொருத்துவார்கள். பின் பிசி-3000 போன்ற சிறப்புக் கருவியால் ஃபர்ம்வேரைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஹெட் வாரியாகப் படியெடுப்பார்கள். இந்த முறை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று: 2003இல் சிதறி விழுந்த கொலம்பியா விண்கலத்தின் இடிபாடுகளில், உருகிக் கருகிய நிலையில் கிடைத்த ஒரு சீகேட் டிஸ்க்கிலிருந்து, செனான் வாயு குறித்த ஆய்வுத் தரவின் ஏறத்தாழ 99 சதவீதத்தை க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனம் மீட்டது. வெளித்தோற்றம் கருகியிருந்தாலும் தகடுகள் வளையாமலும், தரவு எழுதப்பட்ட பகுதி கெடாமலும் இருந்ததே அதற்குக் காரணம்.

ஒப்படைப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். டிஸ்க்கை நீங்களே திறக்கிறீர்களா, வேறிடத்திற்கு அனுப்புகிறீர்களா? முதல் ஆய்வுக்குக் கட்டணம் உண்டா? தரவு கிடைக்காவிட்டால் எவ்வளவு? மாற்று டிஸ்க்கின் விலை தனியா? பணம் கட்டுவதற்கு முன் மீட்கப்பட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவீர்களா? டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே வெற்றிச் சதவீதம் சொல்பவரிடமிருந்து விலகிவிடலாம். நீங்கள் இதுவரை செய்த முயற்சிகள் எவற்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மேப் கோப்பும் பாதி இமேஜும் இருந்தால் அவற்றையும் தாருங்கள். அனுப்பும்போது நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, எல்லாப் பக்கமும் தடித்த மென்பொதியால் சுற்றி, பெட்டிக்குள் அசையாதபடி வையுங்கள்.

மீட்ட பின் சரிபார்த்தல்

கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருப்பதால் உள்ளடக்கமும் சரி என்று முடிவு கட்டக் கூடாது. கெட்ட செக்டர் இருந்த இடத்தில் இமேஜில் வெறும் பூஜ்யங்கள் இருக்கும். படமென்றால் மேல்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் தெரியும். டேட்டாபேஸ் கோப்பென்றால் திறக்கும்போது பிழை வராமலேயே சில பதிவுகள் காணாமல் போயிருக்கும். எந்தக் கோப்புகள் இப்படிப் பாதிக்கப்பட்டன என்று கண்டறிய டிடிரெஸ்க்யூவிலேயே ஒரு வசதி உண்டு. இமேஜின் ஒரு நகலில், கெட்ட பகுதிகளை மட்டும் நீங்கள் தரும் ஒரு தனித்த சொல்லால் நிரப்பச் சொல்லலாம். பிறகு அந்த நகலிலிருந்து எடுத்த கோப்புகளில் அச்சொல்லைத் தேடினால், சேதமான கோப்புகளின் பட்டியல் கிடைத்துவிடும். கணக்கு வழக்குகளும் சட்ட ஆவணங்களும் இருக்கும் டிஸ்க் என்றால் இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது.

இமேஜையும் மேப் கோப்பையும் சில மாதங்களாவது வைத்திருங்கள். விடுபட்ட ஒரு போல்டரின் நினைவு பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். பழைய டிஸ்க்கை உத்தரவாதத்தின் கீழ் மாற்றிக்கொள்ள அனுப்பினால் அது திரும்பி வராது. அதிலுள்ள தரவும் அதோடு போகும். சுழலும் நிலையில் இருந்தால் முழுவதும் பூஜ்யங்களை எழுதிய பிறகு அனுப்புங்கள். சுழலாத டிஸ்க்கில் அந்தரங்கமான தரவு இருந்தால், உத்தரவாதத்தை விட்டுக்கொடுத்து, தகடுகளைத் துளையிட்டோ வளைத்தோ அழித்துவிடுவதே பாதுகாப்பு. மடிக்கணினி டிஸ்க்குகள் சிலவற்றில் தகடுகள் கண்ணாடியால் ஆனவை என்பதால், அந்த வேலையின்போது கண்ணுக்குக் கவசம் அணிந்துகொள்ளுங்கள்.